வயிற்றெரிச்சல் வீடு

சந்திரமதி அக்கா மண் அள்ளித் தூற்றினார் என்று இந்த ஊர்த் தமிழ் ஆட்கள் முழுப்பேரும் சொல்கிறார்கள். பொய். நான் பக்கத்தில் நின்றவள், எனக்குத் தெரியாதா? அவர் அள்ளியது மண்ணே இல்லை, பனி. லா ஷோ-து-ஃபோனில் மாசி மாதம் மண்ணைக் காண்பதென்றால் முழங்கால் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். கோபத்தில் நிற்கிற மனுசி மண்வெட்டி தேடிக்கொண்டா இருப்பார்? கைக்கு வந்ததை அள்ளினார், வாய்க்கு வந்ததைச் சொன்னார். அந்த ஒரு பிடி பனியால் வந்த வினையை நினைக்க எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் புருசன் தம்பித்துரை அண்ணையால் வீட்டுக் கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லை. வங்கி பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டை ஏலத்தில் விற்றுத் தரச்சொல்லி கடன் அறவிடுகிற அரசாங்கக் கந்தோருக்கு எழுதிவிட்டது. அன்று காலை அந்தக் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வீட்டை மதிப்பிட வந்தார்கள். அண்ணைக்கும் அக்காவுக்கும் பிரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரி, அக்காவோடு முதியோர் இல்லத்துக் குசினியில் ஒன்றாகச் சமைக்கிறவள் என்றபடியால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் அளந்தார், மற்றவர் படம் எடுத்தார். குசினி, குளிக்கிற அறை, நிலவறை எல்லாம் பார்த்து, சாமி அறைக்குள்ளும் சப்பாத்தோடு போய்விட்டார்கள். நான் “சப்பாத்து, சப்பாத்து” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒருவர் மன்னிப்புக் கேட்டார். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் அக்கா வெளியே போய்விட்டார்.

அவர்கள் காருக்குப் போகிற வழியில், முற்றத்தில் நின்றார். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. காலில் வீட்டுச் செருப்பு. குனிந்து இரண்டு கையாலும் பனியை வாரினார்.

“என்ர வீட்டை எடுக்கிறவன் விளங்கமாட்டான்! அவன்ர குடும்பம் கொள்ளையிலை போகும்! இஞ்சை வந்து விளக்கு வைக்கிறவளின்ர பிள்ளையள் தலைதூக்காதுகள்!”

தூற்றிய பனியைக் காற்று திருப்பி அவருடைய முகத்திலேயே கொட்டியது. அளந்த மனிதர் என்னைப் பார்த்து, “மேடம் என்ன சொல்கிறார்?” என்று கேட்டார். “குளிராம்” என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த நேரம் பார்த்துத்தான் சுமித்ராவின் கடை வான் வாசலில் வந்து நிற்க வேண்டுமா! சுமித்ராவும் புருசன் தில்லைநாதனும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்க் கடை வைத்திருக்கிறார்கள். அரிசி மூட்டை கொண்டுவந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூட்டையை மதிலில் வைத்துவிட்டு, காசும் வாங்காமல் வானைத் திருப்பிக்கொண்டு போனாள். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது.

அந்த வீடு நகரத்தின் மேல் விளிம்பில், கடைசித் தெருவில், காட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. பழைய கல் வீடு. அவர்கள் வாங்கும்போது சுவரெல்லாம் ஈரம், கூரை ஒழுக்கு, நிலவறையில் எலி. இந்த ஊரில் வீடு மலிவு. சூரிச்சில் கார் நிறுத்த இடம் வாங்குகிற காசுக்கு இங்கே அரைவாசி வீடு வரும் என்று அண்ணை பகிடி விடுவார். அவருக்குக் கைக்கடிகாரக் கூடுகளை மினுக்குகிற வேலை. நாள் முழுக்கச் சுழலுகிற சில்லில் உருக்குக் கூட்டைப் பிடித்து, ஒரு கீறலும் தெரியாமல் வரும்வரை அழுத்திக்கொண்டு நிற்பார். நகக்கண்ணுக்குள் எப்போதும் சாம்பல் நிறம். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, வீட்டு வேலையைத் தொடங்குவார். சாந்தை உடைத்துப் பூசினார், குசினிக்குத் தரைக்கல் பதித்தார், யன்னல் சட்டங்களைச் சுரண்டி வர்ணம் அடித்தார். ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் எல்லாரும் போய் உதவுவோம். அக்கா அண்டா நிறையப் புட்டு அவித்து, ஆட்டுக்கறி காய்ச்சி, ஒருத்தரையும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். குடிபுகுந்த அன்று அந்த மனுசி ஒவ்வொரு அறைக்குள்ளும் போய் நின்று, “பிரபா, இது என்ர அறையடி. இதுவும் என்ர அறையடி” என்று சிரித்தது கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு கடிகாரத்துக்கு ஓடர் குறைந்தது. முதலில் அரைநேர வேலை என்றார்கள். பிறகு மினுக்குகிற பகுதியையே பூட்டிவிட்டார்கள். வேலையில்லாதவர்க்குத் தருகிற காசு வந்த மட்டும் சமாளித்தார்கள். அண்ணைக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, ஆர் எடுப்பான்? முதியோர் இல்லத்துக் குசினியில் அக்கா வாங்குகிற சம்பளம் சாப்பாட்டுக்கும் காப்புறுதிக்கும் சரி. அந்த மாரிக்குளிரிலேயே வீட்டுச் சூடாக்கி வெடித்தது. அதற்கு ஒரு கடன். வங்கிக்காரர் கதைக்கக் கூப்பிட்டபோது அண்ணை போகவில்லை.

“அங்கை போய் என்னெண்டு பிள்ளை, இல்லையெண்டு சொல்லுறது?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லாட்டி இல்லையெண்டுதான் சொல்லவேணும் அண்ணை.”

“உனக்கு விளங்காது.”

எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் ஆண்கள் பசியைத் தாங்குவார்கள், வெட்கத்தைத் தாங்கமாட்டார்கள்.

மதிப்பிட வந்துபோன கிழமை, அவர்களுடைய குசினியில் இருந்து கதைத்தோம். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் ஜெனனி நொஷாத்தெல்லிலிருந்து வந்திருந்தாள். அங்கே தாதிமார் படிப்புப் படிக்கிறாள். அண்ணையின் முகத்தில் கனநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

“பிரபா, ‘ஃபையித்’ எண்டு ஒண்டு இருக்காம். என்னோடை வேலையிலை நிண்ட போர்த்துக்கல்காரன் சொன்னவன். அதைச் செய்தால் எல்லாரும் கையை எடுக்கவேணுமாம். ஏலமும் நிண்டிடுமாம்.”

“அது வங்குரோத்து அண்ணை. கையிலை ஒண்டுமில்லையெண்டு கோட்டிலை எழுதிக் குடுக்கிறது.”

“ஓம், வங்குரோத்துத்தான். எங்கடை நாடே அடிச்சதுதானே? நாடு அடிக்கலாம், நான் அடிக்கக்கூடாதோ?”

அக்கா சிரித்தார். ஜெனனி சிரிக்கவில்லை.

“அப்பா, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை அது. கடன் ஆலோசனை குடுக்கிற இடம் இருக்கு. காசும் எடுக்கமாட்டினம். முதல் அங்கை போய்க் கதைப்பம்.”

“அங்கை வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“அந்தக் கட்டடத்திலைதான் லக்சாயினி கூட்டித் துடைக்கிறவ,” என்றார் அக்கா. “வாசலிலை கண்டாலே போதும். அடுத்த நாள் கடையிலை கதை நிக்கும்.”

“அம்மா, வங்குரோத்து எண்டால் பத்திரிகையிலை போடுவாங்கள், தெரியுமோ?”

“அது பிரெஞ்சுப் பத்திரிகைதானே. எங்கடை ஆக்கள் ஆர் வாசிக்கிறது?” என்றார் அண்ணை.

ஜெனனி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள். எனக்கும் அந்த இடத்தில் ஓங்கி ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தில் இருந்த தெளிவைக் கெடுக்க மனம் வரவில்லை. அதோடு, ஏலம் நிற்குமென்றால் நிற்கட்டுமே என்று நானும் நம்பினேன்.

வங்குரோத்து அடிக்கவும் முன்பணம் கட்ட வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்வதற்குக் காசு! அக்கா காப்புகளைக் கழற்றி விற்றார். நீதவான் ஒரு பெண். கடன்காரரோடு பேசித் தீர்க்க வழியே இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். அண்ணை இரண்டு முறையும் “நோ, மடாம்” என்றார். தீர்ப்பு வந்தது. போர்த்துக்கல்காரன் சொன்னது சரிதான். வங்கி கேட்ட ஏலம் நின்றுவிட்டது.

அன்று அந்த வீட்டில் நடந்த சமையலைச் சொல்லவேண்டும். அக்கா அறக்குளா மீன் வாங்கிக் குழம்பு வைத்தார், இறால் பொரித்தார், முருங்கைக்காய்க் கறி, பருப்பு, அப்பளம், பாயாசம். நானும் என் மனுசனும் பிள்ளைகளும் போயிருந்தோம். அண்ணை ஒரு கிளாஸ் விஸ்கி எடுத்துவைத்துக்கொண்டு கூரையைக் காட்டினார்.

“வாற கோடையிலை அந்த மூலை ஓடுகளை மாத்தவேணும்.”

“முதல் வேலை தேடுங்கோப்பா,” என்றார் அக்கா. கோபமில்லாமல் சொன்னார்.

பனி உருகி, தோட்டத்தில் மண் தெரிந்தது. அண்ணை உருளைக்கிழங்கு நட்டார். பகுதிநேரமாக ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலையும் கிடைத்தது. கிழங்கு இலைவிடுகிற நேரத்தில் வங்குரோத்துக் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று பேரும் போனோம். அதிகாரி இளம் ஆள், மெதுவாகக் கதைத்தார். வீட்டை எப்போது பார்க்க ஆட்களைக் கூட்டிவரலாம் என்று கேட்டார்.

“என்ன ஆக்கள்?” என்று அண்ணை என்னைக் கேட்டார். நான் அதிகாரியைக் கேட்டேன்.

வாங்கக்கூடிய ஆட்கள் என்றார் அவர். வங்கி கேட்ட ஏலம்தான் நின்றதாம். வங்குரோத்து அடித்த நாளிலிருந்து வீடு இவர்களுடைய கையில் இல்லையாம், கந்தோரின் கையிலாம். எல்லாக் கடன்காரருக்குமாகக் கந்தோர் அதை ஏலத்தில் விற்குமாம்.

நான் சொல்லி முடித்ததும் அண்ணை கேட்டார்.

“அப்ப என்னத்துக்கு நிப்பாட்டினவை?”

நான் கேட்டேன். நிற்பாட்டவில்லை, கைமாறியது என்றார் அதிகாரி.

“சரி. வித்தாப்பிறகு கடன் முழுக்கப் போயிடுமோ எண்டு கேள்.”

போகாதாம். விற்ற காசு காணாவிட்டால், மிச்சத்துக்குக் கடன்காரருக்கு ஒரு பத்திரம் கொடுப்பார்களாம். இவர்களிடம் மறுபடி சொத்து ஏதும் சேர்ந்தால் அந்தப் பத்திரத்தோடு திரும்ப வந்து கேட்கலாமாம். அது இருபது வருசம் செல்லுபடியாகுமாம். அண்ணை அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

“இருவது வருசத்திலை நான் செத்திடுவன் எண்டு சொல்லு.”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அக்காதான் கடைசியாக வாய் திறந்தார். “பிரபா, ஏலத்திலை ஆரும் எடுக்கலாமோ? எங்கடை ஆக்களும்?” ஆரும் எடுக்கலாம் என்றார் அதிகாரி. எடுத்தவர் விரும்பினால் தங்களை வாடகைக்கு வைத்திருக்கலாமோ என்று அக்கா கேட்கச் சொன்னார். அது எடுத்தவரின் விருப்பம் என்றார் அவர். அவ்வளவுதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தில்லைநாதன் எடுப்பான். அவனுக்கு ரண்டு அப்பார்ட்மென்ட் வாடகைக்கு ஓடுது. கடை திறக்கேக்கை இவர்தானே சும்மா போய் நிலத்துக்குக் கல்லுப் பதிச்சவர். நாங்கள் வாடகையைத் தவறாமல் குடுப்பம். என்ர வீட்டிலை நான் வாடகைக்கு இருக்கிறன், எனக்கு ஒரு வெக்கமுமில்லை. வெளியிலை போகாமல் இருந்தால் காணும்.”

அடுத்த சனிக்கிழமை தில்லைநாதன் வீட்டுக்குப் போனோம். சுமித்ரா வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். கடைசிப் பிள்ளை ஆரன், மூன்று வயது, அக்காவின் மடியில் ஏறி இருந்துகொண்டான். பிள்ளை அக்காவோடு அவ்வளவு ஒட்டு. அண்ணை விசயத்தைச் சொன்னார். தில்லைநாதன் கேட்டுக்கொண்டிருந்தான். கணக்குத் தெரிந்த ஆள், கண்ணிலேயே கணக்கு ஓடியது.

“நல்ல வீடண்ணை. நீங்கள் செய்த வேலை எனக்குத் தெரியும். வாடகை வருமெண்டால் வங்கி எனக்குத் தரும். எடுக்கலாம்...”

“எடுக்கேலாது,” என்றாள் சுமித்ரா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. அண்டைக்கு நான் வாசலிலை நிண்டனான். நீங்கள் சொன்னதை என்ர ரண்டு காதாலையும் கேட்டனான்.”

“அது வங்கியைச் சொன்னதடி!”

“வங்கியெண்டு சொல்லேல்லை அக்கா. எடுக்கிறவன் எண்டு சொன்னனீங்கள். விளக்கு வைக்கிறவளின்ர பிள்ளையள் எண்டு சொன்னனீங்கள். வங்கிக்கு ஏது பிள்ளை?”

“கோவத்திலை சொன்னது. வாய்க்கு வந்தபடி சொன்னது. நானோ உன்ர பிள்ளையளைச் சொல்லுவன்?”

“மண் அள்ளித் தூத்திச் சொன்னனீங்கள்.”

“எங்கை மண்? அது ஸ்னோ! பிரபா, சொல்லன், நீயும் நிண்டனிதானே?”

“ஓம் சுமித்ரா, ஸ்னோதான்,” என்றேன் நான். “அவவின்ர கையிலை ஒரு துளி மண் இல்லை. ஸ்னோவுக்கு என்ன சாபம் இருக்கு? தண்ணிதானே அது?”

“ஸ்னோவுக்குக் கீழை மண்தானே பிரபா அக்கா? உருகி அந்த மண்ணுக்குள்ளைதானே இறங்கினது?”

விசர்க் கதை என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் அவள் கண் கலங்கி நின்றாள். நடிப்பில்லை, பயம். அவளுக்கு நடுவில் ஒரு பிள்ளை தவறிப்போனது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பிறந்தவன் ஆரன்.

“இப்ப என்ன செய்யவேணும் சொல்லு,” என்றார் அக்கா. “நான் தேங்காய் உடைக்கிறன். சத்தியம் பண்ணுறன். உன்ர காலிலை விழவேணுமெண்டால் விழுறன்.”

“ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லாதேங்கோ! அரிசி பருப்பு என்ன வேணுமோ கடையிலை வந்து எடுங்கோ. காசு வேண்டாம். எவ்வளவு நாளைக்கெண்டாலும் எடுங்கோ. வீடு மட்டும் வேண்டாமக்கா.”

அவள் வந்து ஆரனை அக்காவின் மடியிலிருந்து தூக்கினாள். மெதுவாகத்தான் தூக்கினாள். ஆனாலும் அக்காவின் முகம் செத்துப்போனது.

“பாப்பம் அண்ணை,” என்றான் தில்லைநாதன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணைக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் அவர் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், “பாப்பம் எண்டவன்தானே, மாட்டன் எண்டு சொல்லேல்லையே” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தக் கோடை முழுக்க அண்ணை வீடு வீடாகப் போனார். வசதி உள்ளவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒரு வீட்டிலும் முகம் முறிக்கவில்லை. உட்கார வைத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், நிலைமை மோசம் என்று தாங்களும் சொன்னார்கள், போகும்போது பையில் எதையாவது திணித்துவிட்டார்கள். வீட்டைப் பற்றிக் கதை வந்ததும், அது உங்களுடைய வியர்வை அண்ணை, அதில் நாங்கள் கைவைக்கலாமோ என்று ஒரேமாதிரிச் சொன்னார்கள். ஒருவன் துணிந்து, “வயித்தெரிச்சல் வீடு அண்ணை” என்று நேரடியாகவே சொன்னானாம். அவன் பரவாயில்லை.

அக்கா முற்றத்தில் பனி அள்ளிய இடத்தில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். என்னை நிற்கச் சொல்லிச் சாட்சி வைத்தார். அதைப் போய்ச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சொன்ன சொல்லை இப்படித் திரும்ப எடுக்கலாமென்றால் உலகத்தில் ஒருத்தரும் பயப்படத் தேவையில்லையே என்று சுமித்ரா கேட்டாள். வேலையிடத்தில் அக்கா கதைப்பதை விட்டுவிட்டார். பல்லில்லாத கிழவர்களுக்குச் சாப்பாட்டை அரைத்துக்கொண்டே, உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பார். என்னக்கா என்றால், “என்ர வாய்க்கு நான் பயப்பிடுறன் பிரபா” என்பார்.

கிழங்கு கிண்டுகிற காலத்தில் ஒருநாள் தில்லைநாதன் அண்ணையைத் தேடி வந்தான். தனிய வந்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயவிட்டுக்கொண்டு நின்றேன்.

“அண்ணை, வங்கியிலை கதைச்சிட்டன். ஏலத்துக்கு வேண்டிய உத்தரவாதக் கடிதம் தருவினம். நான் வாறன். இவளுக்குச் சொல்லேல்லை, நீங்களும் சொல்லாதேங்கோ. எடுத்தாப்பிறகு சொல்லுவம். பேந்து ஒண்டும் செய்யேலாதுதானே.”

அண்ணை கிழங்கு மண்ணோடு இருந்த கையால் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தில்லைநாதன் ஒரு பை கிழங்கையும் வாங்கிக்கொண்டு போனான்.

ஏலம் கார்த்திகை மாதம், நகரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. பலமான மழை. நானும் ஜெனனியும் அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே போனால், அட கடவுளே, மண்டபம் முழுக்க எங்கள் ஆட்கள்! லக்சாயினி, அவளுடைய புருசன், கடிகாரத் தொழிற்சாலை ஆட்கள், கோயில் ஆட்கள், நொஷாத்தெல்லிலிருந்து கூட இரண்டு குடும்பம். வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார்கள். செத்த வீட்டுக்கு வந்த மாதிரி எல்லாரும் கடும் நிற உடுப்பு, சத்தமில்லாமல் இருந்தார்கள். இந்த நாட்டுக்காரர் என்று மூன்று பேர்தான். வங்கிப் பெண் ஒருத்தி, லொசானிலிருந்து வந்த வீடு வாங்கி விற்கிற நிறுவனத்தின் ஆள், வேடிக்கை பார்க்க வந்த ஒரு கிழவர்.

தில்லைநாதன் இரண்டாவது வரிசையில் இருந்தான். கோட்டுப் பைக்குள் கடித உறை தெரிந்தது. ஆனால் அவனுக்குப் பக்கத்தில் சுமித்ராவும் இருந்தாள். அவளுடைய மடியில் ஆரன். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. புருசன் வங்கிக்குப் போனால் மனுசிக்குத் தெரியாமல் போகுமா?

அதிகாரி நிபந்தனைகளை வாசித்தார். மதிப்பு விலையைச் சொன்னார். லொசான் ஆள் கையைத் தூக்கி, மதிப்பில் பாதியை விடக் கொஞ்சம் கூட, ஒரு விலை சொன்னான். வங்கிப் பெண் குறிப்பெடுத்தாள். அதிகாரி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். இத்தனை பேர் இருக்கிறார்கள், போட்டி பலமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

“வேறு யாராவது?”

அண்ணை தில்லைநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் விரல்களை நெரித்தார். தில்லைநாதனின் வலது கை தொடையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. சுமித்ரா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். இழுக்கவில்லை. அந்தக் கையை எடுத்து ஆரனின் தலையில் வைத்து, அதற்கு மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு விளையாட்டு, மேலே பார்த்துச் சிரித்தான்.

ஒருதரம் என்றார் அதிகாரி. தில்லைநாதனின் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. இரண்டுதரம். பின்னால் ஆரோ இருமினார்கள். எழும்பிக் கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. யாராவது தூக்குங்களடா, உங்களுக்கு ஒன்றும் வராது, அது தண்ணியடா! என்னிடம் காசில்லை. காசில்லாதவள் கத்தி என்ன பிரயோசனம்? மூன்றுதரம் என்று சொல்லி அதிகாரி மேசையில் தட்டினார். லொசான் ஆள் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தான். நம்ப முடியாத சந்தோசத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நிறுவனம் வீட்டை உடைத்துச் சிறிய வாடகை அறைகளாக்கப் போகிறதாம். மாத முடிவில் வெளிக்கிட வேண்டும். ஜெனனி அதிகாரியிடம் போய் எல்லாம் கேட்டு வந்தாள், எங்களுக்குச் சொன்னாள், பிறகு யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். இவ்வளவு குறைந்த விலைக்குப் போனபடியால் மிச்சக் கடன்தான் கூட. அதை அவள் தகப்பனுக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் சொன்னாள்.

எங்கள் ஆட்கள் எழும்பினார்கள். ஒருவரும் வெளியே போகவில்லை. ஒவ்வொருவராக அண்ணையிடம் வந்தார்கள். முதலில் வந்தவர் அண்ணையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அண்ணை, ஏலத்திலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. பாத்தனீங்கள்தானே?” என்றார். அவருடைய கண்ணில் உண்மையாகவே கண்ணீர். அடுத்தவரும் அதையேதான் சொன்னார். “உங்கடை வீட்டிலை எங்கடை ஆக்கள் கைவைக்கேல்லை அண்ணை.” பெரிய உபகாரம் ஒன்றைச் செய்து முடித்த திருப்தி எல்லாருடைய முகத்திலும் இருந்தது. தில்லைநாதனை மட்டும் காணவில்லை, வானை எடுத்துவரப் போய்விட்டானாம்.

சுமித்ரா ஆரனைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, எங்களிலை ஒரு மனக்குறையும் இல்லைத்தானே? உங்கடை வயித்தெரிச்சல் எங்களுக்கு இல்லைத்தானே? வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ.”

நான் இடையில் புக வாய் திறந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவரிடம் வரக் கையை நீட்டினான். சுமித்ரா அவனைக் கொடுக்காமல் இறுக்கி வைத்துக்கொண்டு, பதிலுக்காக அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லையடி,” என்றார் அக்கா. “நீங்கள் ஒண்டும் எடுக்கேல்லைத்தானே. பிள்ளை நல்லா இருப்பான். போ, மழை கூடமுந்திக் கூட்டிக்கொண்டு போ.”

சுமித்ரா அவரைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதாள். அக்கா மரம்போல நின்றார். பிறகு கதிரையில் இருந்தவர், நானும் ஜெனனியும் எவ்வளவு சொல்லியும் எழும்பவில்லை. அந்தப் பக்கம் வரிசை இன்னும் முடியவில்லை. தம்பித்துரை அண்ணை ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து, ஒருவரையும் விடாமல், “பெரிய உபகாரம், பெரிய உபகாரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.